வாசகர் கேள்வி – பதில்: வாரிசுக்குப் போவது நோயா, நோய்க்கான வாய்ப்பா?

சென்ற இதழில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களைப் பற்றி எழுதியபோது, “நியூசிலாந்துச் சுண்டெலிகளில் இத்தகைய சிறுநீரக நோய் தலைமுறைதோறும் தவறாமல் வருகிறது” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. அவற்றுள் சிலவற்றை எழுதியவர்கள் நோயாளிகள். அவர்களுடைய கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, ஆறு ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறேன். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். உங்கள் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த எலிக்குட்டிகளுக்கு வருவதுபோல் என் மகளுக்கும் இந்த நோய் வந்தே தீருமா?

பதில்: இல்லை, சகோதரி. வந்தே தீரும் என்ற நிலை மனிதர்களுக்கு இல்லை. நான் எழுதிய வரி சுண்டெலிகளைப் பொறுத்தவரை சரியானதே என்றாலும், அந்தச் சுண்டெலிகள் எப்படிப்பட்டவை என்பதையும் அதே இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால் உங்கள் உறக்கம் கெட்டது, அதற்காக வருந்துகிறேன்.

ஆய்வகச் சுண்டெலி வம்சம் ஒன்றை உருவாக்குவதற்கு, உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் குறைந்தது 20 தலைமுறைகளுக்குத் தொடர்ந்து இணை சேர்க்கிறார்கள். அதன் முடிவில் அந்த வம்சத்தில் உள்ள எல்லாச் சுண்டெலிகளும், ஆண் பெண் வேறுபாட்டைத் தவிர, ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுப்பைக் கொண்டவையாகிவிடுகின்றன. அதாவது ஒரு கூண்டில் உள்ள ஐம்பது குட்டிகளும் ஒன்றுக்கொன்று ஒத்த இரட்டையர்களைப் போன்றவை. அவை உண்ணும் உணவும், அவற்றுக்குக் கிடைக்கும் வெளிச்சமும், படுக்கும் மரத்தூளும் ஒன்றே. அப்படியிருக்க, ஒரு குட்டிக்கு வந்த நோய் மற்றக் குட்டிகளுக்கும் வருகிறதென்றால், ஒரே உயிர் பலமுறை பிறந்து ஒரே பாதையில் நடப்பதைப் பார்க்கிறோம் என்றுதான் அதற்குப் பொருள். உங்கள் மகளோ தன் மரபணுக்களில் பாதியை மட்டுமே உங்களிடமிருந்து பெற்றவள். மறுபாதி அவளுடைய தந்தை வழியில் வந்தது.

மனிதர்களில் மரபணுத் தொகுப்பு முழுவதும் ஒத்திருப்பது ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களிடம் மட்டுமே. அவர்களிலும் ஒருவருக்கு லூபஸ் வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 24 விழுக்காடு என்றும், தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களில் அது சுமார் 2 விழுக்காடு என்றும் 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மரபணுக்கள் அனைத்தும் ஒன்றாக இருந்தும் நான்கில் மூன்று பங்கினர் தப்பிவிடுகிறார்கள் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். நோயாளியின் பிள்ளைகளுக்குப் பொதுமக்களைவிட வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

உங்கள் மகள் நலமாக இருக்கும்போது அவளுக்கு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டியதில்லை. அவளைப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் உங்கள் நோயைப் பற்றிச் சொல்லி வைத்துவிடுங்கள். பிற்காலத்தில் காரணம் தெரியாத மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, கணுக்கால் அல்லது கண்ணிமை வீக்கம், நுரைத்துப் போகும் சிறுநீர் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் தாமதிக்காமல் காட்டுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை பெரும்பாலான கேள்விகளுக்கு அன்றே விடை சொல்லிவிடும்.

கேள்வி: கறுப்பு நிற வம்சத்துச் சுண்டெலியையும் வெள்ளை நிற வம்சத்துச் சுண்டெலியையும் இணை சேர்த்தால், பிறக்கும் குட்டிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது என்று எங்கள் பேராசிரியர் கூறினார். பெற்றோர் இருவருக்கும் இல்லாத நோய் பிள்ளைக்கு எப்படி வாரிசாக வரும்? (முதுகலை மாணவர் ஒருவர்)

பதில்: இந்தத் துறையில் மிகுந்த பலன் தந்த கேள்வி இதுவே, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில், ஒடாகோ பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட சுண்டெலிகளிலிருந்து இந்த வம்சங்கள் பிரிக்கப்பட்டன. கறுப்பு நிற வம்சத்துக்கு என்.இசட்.பி. என்றும், வெள்ளை நிற வம்சத்துக்கு என்.இசட்.டபிள்யூ. என்றும் பெயர். கறுப்பு வம்சத்துச் சுண்டெலிகள் தம் இரத்தச் சிவப்பணுக்களையே எதிர்ப்பொருள்களால் (கிருமிகளைத் தாக்க உடல் உண்டாக்கும் புரதங்களால்) அழித்துக்கொண்டு சோகைக்கு உள்ளாகின்றன என்பதை பீல்ஷோவ்ஸ்கி, ஹெல்யர், ஹோவி ஆகியோர் 1959-இல் அறிவித்தார்கள். வெள்ளை வம்சம் பார்வைக்கு நலமானது. இவ்விரண்டையும் கலந்து பிறந்த முதல் தலைமுறைக் குட்டிகளில் மனித லூபஸை ஒத்த கடுமையான சிறுநீரக அழற்சி வருகிறது என்பதை ஹெல்யரும் ஹோவியும் 1963-இல் வெளியிட்டார்கள். தன்னெதிர்ப்பு நோய் என்ற கருத்தையே பலர் ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஊசியோ மருந்தோ இல்லாமல் தானாகவே இந்த நோய் வரும் ஒரு விலங்கு கிடைத்தது பெரிய திருப்பமாக அமைந்தது. மெல்பர்னில் இருந்த நோயெதிர்ப்பியல் அறிஞர் மக்ஃபார்லேன் பர்னட் உடனடியாக இந்தச் சுண்டெலிகளை வரவழைத்து ஆராயத் தொடங்கினார்.

நான் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் இந்தக் கலப்புக் குட்டிகளை வளர்த்திருக்கிறேன். ஐந்து மாத வயது வரை அவற்றிடம் எந்தக் குறையும் தெரியாது. வாரம் ஒருநாள் காலையில், பிடரித் தோலைப் பற்றித் தூக்கியவுடன் அச்சத்தில் அவை விடும் ஒரு துளிச் சிறுநீரைச் சோதனைத்தாளின் முனையில் ஏந்திக்கொள்வோம். தாள் மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. ஒரு வாரம் இளம்பச்சையாகத் தெரியும். அடுத்த வாரம் மீண்டும் மஞ்சளாகிவிடும். பின்னொரு நாள் அடர்ந்த பச்சையாக மாறி அப்படியே நிலைத்துவிடும். அதன் பிறகு சில வாரங்களில் முடி சிலிர்த்து, பாதங்கள் வெளுத்து, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். கையில் எடுத்தால் வயிறு மட்டும் கனக்கும். முதுகெலும்பு விரலில் தட்டுப்படும். சிறுநீரகத்தை மெல்லிய சீவலாக வெட்டி, ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இரத்தத்தை வடிக்கும் கிளாமருலஸ் என்னும் நுண்குழல் முடிச்சுகளில் எதிர்ப்பொருள்கள் பச்சை நிறப் பொடியைத் தூவியதுபோல் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும்.

பெற்றோரிடம் இல்லாதது எப்படி வந்தது என்பதற்கு விடை, பெற்றோரிடம் அது முழுமையாக இல்லாமல் இல்லை என்பதே. இந்தக் கலப்பின் வழித்தோன்றலான என்.இசட்.எம்.2410 என்ற வம்சத்தை எடுத்துக்கொண்டு, எட்வர்ட் வேக்லண்ட், லாரன்ஸ் மோரெல் ஆகியோரின் குழு 1990-களில் மரபணுத் தொகுப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தது. நோயோடு இணைந்து வரும் மூன்று பகுதிகளை 1-ஆம், 4-ஆம், 7-ஆம் குரோமோசோம்களில் கண்டறிந்து, அவற்றுக்கு ஸ்லே1, ஸ்லே2, ஸ்லே3 என்று பெயரிட்டார்கள். அதன்பின், பல தலைமுறைக் கலப்பின் மூலம், நோயே இல்லாத ஒரு வம்சத்துக்குள் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே புகுத்திப் பார்த்தார்கள். ஸ்லே1 மட்டும் புகுந்த சுண்டெலியின் இரத்தத்தில் செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றின. ஆனால் சிறுநீரகம் கெடவில்லை. ஸ்லே2 மட்டும் புகுந்தால், எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி செல்கள் மிகையாகக் கிளர்ச்சியுற்றன. ஸ்லே3 மட்டும் புகுந்தால், நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் டி செல்களின் கட்டுப்பாடு தளர்ந்தது. ஸ்லே1-உம் ஸ்லே3-உம் ஒன்றாகச் சேர்ந்தபோது சிறுநீரக அழற்சி வந்தது. மூன்றும் சேர்ந்தபோது நோய் முழு வடிவில் வந்து உயிரைப் பறித்தது.

இதைவிட வியப்பானது வெள்ளை வம்சத்தைப் பற்றிய உண்மை. மிகவும் வலிமையான ஸ்லே1 பகுதி, நோயற்றதாகத் தோன்றும் வெள்ளை வம்சத்திலிருந்தே வந்தது. அப்படியானால் வெள்ளைச் சுண்டெலி ஏன் நலமாக இருக்கிறது? அதன் 17-ஆம் குரோமோசோமில் ஸ்லே1-இன் வேகத்தை அடக்கும் வேறொரு பகுதியும் இருக்கிறது. இத்தகைய அடக்கும் பகுதிகள் வேறு சிலவும் அதனிடம் உண்டு. கலப்புக் குட்டிக்கு அவற்றில் ஒரு படி (நகல்) மட்டுமே கிடைக்கிறது. மறுபக்கத்தில் கறுப்பு வம்சத்தின் கேடு தரும் பகுதிகளும் வந்து சேர்கின்றன. ஆகவே, ஒருவர் நலமாக இருப்பதை வைத்து அவரிடம் நோய்க்கான மரபணு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஒரே மரபணுவால் வரும் வகையும் உண்டு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் எட்வின் மர்ஃபியும் ஜான் ராத்ஸும் 1970-களில் உருவாக்கிய எம்.ஆர்.எல். வம்சத்தில் எல்.பி.ஆர். என்ற பிறழ்வு தோன்றியது. இரண்டு படிகளும் பிறழ்ந்த சுண்டெலிகளுக்கு நிணநீர் முடிச்சுகள் மொச்சைக்கொட்டை அளவுக்குப் பெருத்துவிடுகின்றன; அவற்றில் பாதி ஐந்து, ஆறு மாதங்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடுகின்றன. வேலை முடிந்த நோயெதிர்ப்புச் செல்கள் தாமாக மடிவதற்கு உதவும் ஃபாஸ் என்ற மரபணு இவற்றில் பழுதுபட்டிருக்கிறது என்பதை ஜப்பானில் ஷிகெகாசு நகாடாவின் குழு 1992-இல் கண்டறிந்தது. ஆனால் இங்கும் ஒரு செய்தி இருக்கிறது: அதே பிறழ்வை வேறொரு வம்சத்துக்கு மாற்றினால் நிணநீர் முடிச்சுகள் பெருக்கின்றன, எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன, ஆனால் சிறுநீரகம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஃபாஸ் மரபணு பழுதுபட்ட மனிதக் குழந்தைகள் 1995-இல் அடையாளம் காணப்பட்டபோதும் இதுவே தெரியவந்தது. அவர்களுக்கு நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்கின, இரத்த அணுக்கள் அழிந்தன. சிறுநீரக நோய் அவர்களிடம் முதன்மையாக இருக்கவில்லை. ஒரே மரபணுவால் வரும் நோய் என்று நாம் அழைப்பதிலும், சிறுநீரகத்தின் தலைவிதியை மற்ற மரபணுக்கள் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

கேள்வி: இந்த நோய் பெண்களையே அதிகம் தாக்குகிறது. எலிகளிலும் அப்படித்தானா? காரணம் ஹார்மோனா, மரபணுவா?

பதில்: இரண்டுமே. மேலே சொன்ன கறுப்பு–வெள்ளைக் கலப்பில் பெண் சுண்டெலிகளில் பாதி சுமார் 8 மாதங்களில் இறந்துவிடுகின்றன. ஆண்களில் பாதி இறப்பதற்குச் சுமார் 13 மாதங்கள் ஆகின்றன. இளம் ஆண் சுண்டெலிகளின் விதைகளை நீக்கினால் அவையும் பெண்களைப் போல விரைவில் நோயுறுகின்றன என்றும், பெண் சுண்டெலிகளுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் அவை கூடுதல் காலம் வாழ்கின்றன என்றும் 1970-களின் இறுதியில் நார்மன் டலாலின் குழு காட்டியது.

இதற்கு நேர்மாறான பி.எக்ஸ்.எஸ்.பி. என்ற வம்சத்தில் ஆண்கள் ஐந்து மாதங்களில் இறக்கத் தொடங்குகின்றன. பெண்கள் ஓராண்டுக்கு மேலும் வாழ்கின்றன. இங்கே ஆண்களின் விதைகளை நீக்கினாலும் பயன் இல்லை. ஆகவே காரணம் ஹார்மோன் அல்ல. தாய் எந்த வம்சம், தந்தை எந்த வம்சம் என்று மாற்றி மாற்றி இணை சேர்த்துப் பார்த்தபோது, தந்தை இந்த வம்சத்தைச் சேர்ந்ததாக இருந்தால் மட்டுமே மகன்களுக்கு நோய் விரைந்து வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது ஒய் குரோமோசோம். அதன் மீது ஐயம் விழுந்து ஏறக்குறைய 27 ஆண்டுகள் கழித்து, 2006-இல் விடை கிடைத்தது: எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு பெயர்ந்து இந்த வம்சத்தின் ஒய் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டில் இருந்த டி.எல்.ஆர்.7 என்ற மரபணு ஆண்களிடம் இரண்டு படிகளாகிவிட்டது. வைரஸின் ஆர்.என்.ஏ.-வை உணர்ந்து எச்சரிக்கை எழுப்ப வேண்டிய மரபணு அது. இருமடங்கானபோது தன் உடலின் ஆர்.என்.ஏ.-வையும் பகையாகக் கருதத் தொடங்கியது.

இதன் தொடர்ச்சி மனிதரில் கிடைத்தது. சிறு வயதிலேயே கடுமையான லூபஸ் வந்த ஒரு சிறுமியின் டி.எல்.ஆர்.7 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததையும், அதே மாற்றத்தைச் சுண்டெலிக்குள் புகுத்தியபோது அதற்கும் லூபஸ் வந்ததையும் 2022-இல் கரோலா வினுவேசாவின் குழு வெளியிட்டது. பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதும், அடக்கி வைக்கப்பட வேண்டிய இரண்டாவது எக்ஸில் டி.எல்.ஆர்.7 சில செல்களில் அடங்காமல் இயங்குவதும், பெண்களிடம் நோய் மிகுவதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன.

கேள்வி: நான் செவிலியராகப் பணியாற்றுகிறேன். தாயின் எதிர்ப்பொருள்கள் கருவிலிருக்கும் குழந்தைக்குப் போகும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் தாயின் சிறுநீரக நோய் அந்த வழியாகவே குழந்தைக்குப் போய்விடாதா? அதையும் பரம்பரை என்று சொல்லலாமா?

பதில்: போவது உண்டு, ஆனால் அதைப் பரம்பரை என்று சொல்லக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளாததால் இத்துறையில் நேர்ந்த குழப்பங்கள் பல.

மனிதரில் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக, பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், குழந்தையை அடைகின்றன. எலிகளிலும் சுண்டெலிகளிலும் ஒரு பங்கு கருவிலும், பெரும்பங்கு பிறந்தபின் தாய்ப்பால் வழியாகவும் போகிறது. அவற்றின் குட்டிகளின் குடல், பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் வரை அந்த எதிர்ப்பொருள்களை முழுதாக உள்வாங்கும் திறனுடையது. ஆகவே நோயுள்ள தாயின் குட்டியிடம் ஏதேனும் ஒரு கோளாறு தெரிந்தால், அது மரபணுவால் வந்ததா, கருப்பையில் வந்ததா, பாலில் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். பிறந்த அன்றே குட்டியை நலமான வேறொரு தாயிடம் பால் குடிக்க விடுவது ஒரு வழி. கருவையே எடுத்து வேறொரு வம்சத்து வாடகைத் தாயின் கருப்பையில் வைப்பது அதைவிடத் தெளிவான வழி.

மனிதரில் இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்றை பாரிஸில் பியர் ரோங்கோ, ஹன்னா டெபியெக் ஆகியோரின் குழு 2002-இல் வெளியிட்டது. சிறுநீரக வடிகட்டி பழுதான நிலையில் ஒரு குழந்தை பிறந்தது. அதன் தாய்க்குச் சிறுநீரக நோய் எதுவும் இல்லை. ஆனால் வடிகட்டிச் செல்களின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய ஒரு புரதம் அந்தத் தாயின் உடலில் பிறவியிலேயே இல்லை. தந்தை வழியாக அந்தப் புரதத்தைப் பெற்ற கரு வயிற்றில் வளர்ந்தபோது, தாயின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்கியது. அவை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் சிறுநீரகத்தில் படிந்தன. தாயின் எதிர்ப்பொருள்களை முயல்களுக்குச் செலுத்தியபோது அவற்றின் சிறுநீரகங்களிலும் அதே மாற்றங்கள் தோன்றின. அந்தக் குழந்தையின் நோயைத் தாயிடமிருந்து வந்த பரம்பரை நோய் என்று எழுதியிருந்தால் எத்தனை பெரிய தவறாக முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

லூபஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும் எதிர்ப்பொருள்கள் போகின்றன. அவற்றால் குழந்தையின் சிறுநீரகம் கெடுவது மிக அரிது. ரோ என்னும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் தாயிடம் இருந்தால் மட்டும், சுமார் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பின் கடத்தல் தடைபடுகிறது. அது நிலையான பாதிப்பு. மற்றபடி பிறந்த குழந்தையிடம் தெரியும் தோல் தடிப்பு போன்றவை, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் சிதைந்ததும் மறைந்துவிடுகின்றன. உங்களிடம் வரும் நோயாளிகளுக்கு இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு: நோய் குறைந்தது ஆறு மாதங்களாவது அடங்கியிருந்த பிறகே கருத்தரிக்கத் திட்டமிட வேண்டும், மைக்கோபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் கருவுக்குக் கேடு செய்பவை என்பதால் மருத்துவரைக் கேட்டு முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: நல்ல எலிக்கு ஊசி போட்டுச் சிறுநீரக நோயை வரவழைக்க முடியும் என்கிறார்கள். அப்படி வரவழைத்த நோய் அதன் குட்டிகளுக்கும் பேரக்குட்டிகளுக்கும் போகுமா?

பதில்: வரவழைக்க முடியும் என்பது உண்மை. வால்டர் ஹேமன் 1959-இல் எலிகளுக்கு அவற்றின் இனத்துச் சிறுநீரகத் திசுவையே, எதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்க் கலவையோடு சேர்த்துச் செலுத்தி, வடிகட்டிச் சவ்வு தடிக்கும் நோயை உண்டாக்கினார். ரேமண்ட் ஸ்டெப்ளே 1962-இல் மனிதச் சிறுநீரகத்தின் அடிச்சவ்வைச் செம்மறியாடுகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் எதிர்ப்பொருள்கள் தம் சிறுநீரகத்தையே தாக்கின. இந்த வகையில் நுண்ணோக்கியில் தெரியும் பச்சை ஒளி பொடியாகத் தெரியாது. நூல் பிடித்துக் கோடு வரைந்ததுபோல் சவ்வு நெடுகத் தெரியும்.

ஆனால் இப்படி வந்த நோய் விந்து, சினைமுட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நோயை உண்டாக்கியது ஊசி. அது எதிர்ப்பொருளை உண்டாக்கும் செல்களை மாற்றியது. இனப்பெருக்கச் செல்களின் மரபணுவை அது தொடவில்லை. தாயின் எதிர்ப்பொருள் குட்டியிடம் சில வாரங்கள் தங்கலாம். பேரக்குட்டியிடம் அதுவும் இராது.

போகிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கையரும் எலிசபெத் ஸ்மித்தும் 1918 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், முயலின் கண்வில்லைக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் கோழிகளில் உண்டாக்கிச் சினை முயல்களுக்குச் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகள் சிலவற்றுக்குக் கண் குறைபாடு இருந்தது. அது பின்வந்த தலைமுறைகளுக்கும், ஆண் வழியாகவும்கூடப் போனதாக அவர்கள் எழுதினார்கள். ஜூலியன் ஹக்ஸ்லியும் கார்-சாண்டர்ஸும் 1924-இல் அதையே மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. முயல்களிடையே முன்பே மறைந்திருந்த ஒரு பிறவிக் குறைபாடு நெருங்கிய உறவில் இணை சேர்த்ததால் வெளிப்பட்டிருக்கலாம் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அதே கேள்வி 1980-இல் வேறு உருவில் வந்தது. கனடாவில் ரெஜினால்ட் கோர்சின்ஸ்கியும் எட்வர்ட் ஸ்டீலும், அந்நியத் திசுவை ஏற்கும்படி பழக்கப்படுத்திய ஆண் சுண்டெலிகளின் குட்டிகளுக்கும் அந்த ஏற்புத்தன்மை வந்ததாக அறிவித்தார்கள். அந்நியத் திசு ஏற்பு என்னும் நிகழ்வையே 1953-இல் உலகுக்குக் காட்டிய லெஸ்லி பிரெண்ட்டும் பீட்டர் மெடவாரும் மற்றும் சிலரோடு சேர்ந்து 1981-இல் அதைச் சோதித்தார்கள். அவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

வரவழைக்கப்பட்ட நோயிலும் வாரிசாக வருவது ஒன்று உண்டு. அது அந்த ஊசிக்கு உடல் எப்படி எதிர்வினை ஆற்றும் என்பது. டபிள்யூ.கே.ஒய். என்ற எலி வம்சத்துக்கு, சிறுநீரகத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் கொண்ட சீரத்தைச் சிறிதளவு செலுத்தினாலும் சிறுநீரகம் விரைவில் பாழாகிறது; லூயிஸ் என்ற வம்சம் அதே அளவைத் தாங்கிக்கொள்கிறது. திசுப்பொருத்தத்தை முடிவு செய்யும் மரபணுக்கள் இவ்விரண்டுக்கும் ஒன்றே. இவ்விரு வம்சங்களையும் கலந்து ஆராய்ந்து, எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றிக்கொள்ளும் எஃப்.சி. ஏற்பியின் மரபணு ஒன்றின் படிகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதே ஒரு முக்கியக் காரணம் என்று டிமத்தி ஐட்மனின் குழு 2006-இல் இலண்டனிலிருந்து அறிவித்தது. அதற்கு இணையான மனித மரபணுவின் படிகள் குறைந்தவர்களுக்கு லூபஸ் சிறுநீரக அழற்சி வரும் வாய்ப்பு கூடுவதையும் அதே ஆய்வு காட்டியது. பாதரச உப்பு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு: பிரவுன் நார்வே வம்சத்து எலிகளுக்குச் சிறிதளவு கொடுத்தாலும் தன்னெதிர்ப்பு தூண்டப்பட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, லூயிஸ் எலிகளுக்கு அவ்வாறு ஆவதில்லை.

கேள்வி: என் நண்பர் வளர்க்கும் சமோய்ட் நாய்க்குப் பரம்பரைச் சிறுநீரக நோய் என்று கால்நடை மருத்துவர் கூறினார். அதுவும் தன்னெதிர்ப்பு நோய்தானா?

பதில்: அந்த இனத்தில் நன்கு அறியப்பட்ட பரம்பரைச் சிறுநீரக நோய் தன்னெதிர்ப்பு நோய் அல்ல. வடிகட்டிச் சவ்வைக் கட்டும் நான்காம் வகைக் கொலாஜன் புரதத்தின் மரபணு, எக்ஸ் குரோமோசோமில் பழுதுபட்டிருப்பதால் அது வருகிறது. மனிதரில் காணப்படும் ஆல்போர்ட் நோய்க்கு இணையானது. உங்கள் நண்பரின் நாய்க்கு வந்திருப்பது அதுதானா என்பதை அவருடைய மருத்துவரே உறுதி செய்ய வேண்டும்.

கேள்வி: இத்தனை உயிர்களை நோயுறச் செய்து வளர்த்ததால் நோயாளிக்கு என்ன கிடைத்தது? மனச்சான்றோடு பதில் சொல்லுங்கள்.

பதில்: அந்தக் கனத்த வயிற்றைக் கையில் ஏந்திப் பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்து போக என்னால் முடியாது.

லூபஸ் சிறுநீரக அழற்சிக்குப் பல்லாண்டுகளாகப் பயன்படும் சைக்ளோபாஸ்பமைடு, நியூசிலாந்துக் கலப்புச் சுண்டெலிகளின் ஆயுளைக் கூட்டுகிறது என்பது 1960-களின் இறுதியிலேயே காட்டப்பட்டது. நோய் எங்கே இருக்கிறது என்பதும் இவற்றால்தான் தெரிந்தது. கறுப்பு வம்சத்தின் எலும்பு மஜ்ஜையை நலமான வம்சத்துக்கு மாற்றியபோது தன்னெதிர்ப்பும் உடன் போயிற்று என்று 1970-களில் காட்டினார்கள். கோளாறு முதலில் இருப்பது இரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜையில், சிறுநீரகம் அடிபடும் இடம் மட்டுமே என்று அதிலிருந்து புரிந்தது.

என் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஜெஃப்ரி ராவெட்சின் குழு 1998-இல் செய்த ஆய்வு. அவர்கள் நியூசிலாந்துக் கலப்புச் சுண்டெலிகளில், எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றிக்கொண்டு அழற்சியைத் தூண்டும் ஏற்பிகளின் ஒரு கூறை மரபணு அளவில் நீக்கினார்கள். அந்தச் சுண்டெலிகளின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இருந்தன. சிறுநீரகத்தில் அவை படிந்தும் இருந்தன. ஆனால் அழற்சி ஏற்படவில்லை, சுண்டெலிகள் உயிரோடு இருந்தன. எதிர்ப்பொருள் உண்டாவதும் சிறுநீரகம் கெடுவதும் வெவ்வேறு மரபணுக்களின் பொறுப்பில் உள்ள இரண்டு தனி நிகழ்வுகள் என்பது இதனால் உறுதிப்பட்டது. முதல் கடிதம் எழுதிய சகோதரி இதையும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவருடைய மகளின் இரத்தத்தில் என்றேனும் ஓர் எதிர்ப்பொருள் தென்பட்டாலும், அந்த அறிக்கையைச் சிறுநீரக நோய் என்று அவர் வாசித்துவிடக் கூடாது. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசட்டும்.

அடுத்த இதழில், சிறுநீரகத் திசுப் பரிசோதனை எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பது பற்றி வந்துள்ள கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.